வாயிலில் நின்ற தோழன்

'கடவுள் மாதிரி வந்து நின்றான்' என்பது தமிழர் வாழ்வில் நாள்தோறும் வழங்கும் தொடர். இடுக்கண் வந்த வேளையில் கைகொடுத்த நண்பனைப் பற்றிப் பேசுவோர் வாயில் அது தானாக வந்து அமையும். அதே நிகழ்ச்சியைச் சொல்ல இன்னொரு தொடரும் வழக்கில் உண்டு: 'கடவுளே அவனை அனுப்பி வைத்தார்.' கேட்கும் செவிக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும். பொருளை நோக்கின் இடைவெளி பெரிது. முன்னது நண்பனைத் தெய்வத்தின் நிலைக்கு உயர்த்துகிறது. பின்னது அவனைத் தெய்வத்தின் ஏவலாளாக வைக்கிறது. முன்னதில் நன்றி நண்பனின் முகத்தில் நிலைகொள்கிறது. பின்னதில் அவனைக் கடந்து மேலே சென்றுவிடுகிறது. துன்ப நாளில் துணைநின்ற தோழனுக்காக இறைவனுக்கு நன்றி கூறுதல் என்னும் பொருளைத் தமிழிலக்கியம் எவ்வாறு கையாண்டுள்ளது என்று ஆராயப் புகுவோர், இவ்விரு தொடர்களுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஜொகூர் போன்ற ஒரு மாநிலத்தில் இவ்வாராய்ச்சி வெறும் ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. இம்மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழருள் மிகப் பலர் கங்காணிகளின் வழியே ஆள் சேர்க்கப்பட்டவர்கள். 1938இல் இந்திய அரசு தொழிலாளர் குடியேற்றத்துக்குத் தடை விதிக்கும்வரை அவ்வழக்கம் நீடித்தது. தாயும் தமையனும் ஊரில் தங்கிவிட, தனியே கப்பலேறியவனுக்குக் காய்ச்சல் கண்டபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவன் லயத்தில் அடுத்த அறையில் இருந்தவன்தான். உறவினர் செய்ய வேண்டிய கடமைகளை எல்லாம் நண்பர்கள் செய்த சமுதாயம் அது. அம்மக்களுக்கு மற்றொரு பற்றுக்கோடு தெய்வம். தோட்டந்தோறும் மாரியம்மன் குடிகொண்டாள். ஜொகூர் பாருவில் 1911இல் தோன்றிய ராஜமாரியம்மன் கோயில் இன்றும் அந்நகரத் தமிழரின் வழிபாட்டு நடுவிடமாக விளங்குகிறது. இரண்டு துணைகளுள் ஒன்றுக்குக் கோயிலும் திருவிழாவும் தேரும் அமைந்தன. மற்றொன்றுக்கு எழுத்தில் என்ன அமைந்தது என்பதே இங்கு எழும் வினா.

பழைய நூல்களிலிருந்து தொடங்குவது முறை. பள்ளிப் பிள்ளைகளுக்கு நட்பைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியர் பெரும்பாலும் திருக்குறளின் 79ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்வர். நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு எனப் பொருட்பாலில் அடுத்தடுத்து அமைந்த ஐந்து அதிகாரங்களில் ஐம்பது குறள்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றிலேனும் நண்பனைத் தந்தவன் இறைவன் என்னும் கருத்து இடம்பெறவில்லை. ஆராய்ந்து தேர்ந்துகொள்ள வேண்டியவன் நண்பன் என்பது வள்ளுவர் கோட்பாடு. கேடு வருவதிலும் ஒரு நன்மை உண்டு, அது நண்பரை அளந்து காட்டும் கோல் என்று 796ஆம் குறள் கூறும்போது, துன்பமே ஆராய்ச்சிக் கருவியாகிறது. தெரிவு மனிதனுடையது, பிழைத்தால் பழியும் அவனுடையதே.

வகுப்பறைகளில் அதிகம் கவனிக்கப்படாத செய்தி ஒன்று உண்டு. துன்பக் காலத்து நண்பனைப் பற்றிய மிக ஆழமான இரண்டு குறள்கள் நட்பு அதிகாரங்களில் இல்லை. அவை அறத்துப்பாலில், இல்லறவியலில், செய்ந்நன்றியறிதல் என்னும் 11ஆம் அதிகாரத்தில் 106, 107 ஆகிய எண்களில் வைக்கப்பட்டுள்ளன. துன்ப நாளில் வலிமையாய் நின்றவரின் நட்பைத் துறத்தல் கூடாது என்பது முன்னதன் கருத்து. உற்ற துயரைத் துடைத்தவரின் நட்பைப் பிறவிகள்தோறும் சான்றோர் நினைப்பர் என்பது பின்னதன் கருத்து. இவ்வைப்புமுறை தற்செயலாக நேர்ந்ததாகத் தோன்றவில்லை. இன்ப நாளில் பழகும் நட்பு பொருட்பாலுக்கு உரியது. துயர் துடைத்தவரின் நட்போ அறத்துப்பாலுக்கு உரிய கடன். பரிசு என்று அதை வள்ளுவர் கருதியிருப்பின் அளித்தவனைப் போற்றியிருப்பார். கடன் என்று கருதியதால் கடன்பட்டவனுக்கு அறிவுரை கூறினார். கடவுள் வாழ்த்தின் பத்துக் குறள்களிலும் இன்னது தந்தாய், ஆதலால் வணங்குகிறேன் என்னும் குரல் ஒலிக்கவில்லை என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கது. இறைவனின் தாளைச் சேர்தல் ஒரு கணக்கு. நண்பனின் உதவியை மறவாமை வேறொரு கணக்கு. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுத அவர் உடன்படவில்லை.

சங்கச் சான்றோரும் ஏறத்தாழ இந்நிலையினரே. கோப்பெருஞ்சோழன் மக்களோடு பகைகொண்டு வடக்கிருந்த காலத்தில், தான் கண்ணாலும் கண்டிராத பிசிராந்தையார் பாண்டிய நாட்டிலிருந்து வருவார் என்று உறுதியோடு கூறியதும், அவ்வாறே அவர் வந்து உடன் உயிர்நீத்ததும் புறநானூறு காட்டும் நிகழ்ச்சிகள். செல்வ காலத்தில் வாராது நின்றாலும் அல்லல் காலத்தில் வாராது நில்லார் என்று புறம் 215இல் மன்னன் கூறுவது துன்பக் காலத்து நட்புக்கு இலக்கணமாகவே அமைந்துவிட்டது. அவ்வருகையைக் கண்ட பொத்தியார் 217ஆம் பாட்டில் வியப்பின்மேல் வியப்பாகப் பேசுகிறார். அவ்வியப்பு முழுவதும் மனிதர் இருவரின் பெருமையைப் பற்றியது. வந்தவனையும் வரவழைத்த சான்றாண்மையையும் பாடிய அவருக்கு, இடையில் தெய்வத்தை நிறுத்த வேண்டிய தேவை எழவில்லை.

பக்தி இலக்கியம் தோன்றியபின் நிலைமை மாறியது. இறைவனைத் தந்தையாகவும் தாயாகவும் ஆண்டானாகவும் கண்ட அடியார்களுக்கிடையே, அவனைத் தோழனாகக் கொண்டவர் சுந்தரமூர்த்தி நாயனார். தம்பிரான் தோழர் என்பதே அவர் பெயராயிற்று. இறைவனே நண்பன் என்றானபின் நன்றி யாருக்கு உரியது என்னும் வினாவே எழாது என்று தோன்றலாம். சேக்கிழாரின் பெரியபுராணத்தை நுணுகிக் கற்பின், வினா அங்கேதான் கூர்மையடைகிறது என்பது புலனாகும்.

இத்தோழமை எளிமையானதன்று. திருவொற்றியூரில் மகிழமரத்தடியில் சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சூளுரையைச் சுந்தரர் மீறினார். மீறிய அளவில் கண்பார்வை மறைந்தது. தோழன் செய்த பிழையைத் தோழன் மறைக்கவில்லை. வாக்குப்பெற்று ஏமாந்த பெண்ணின் பக்கம் அறம் நின்றது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் இடக்கண் கிடைத்தது, வலக்கண்ணுக்குத் திருவாரூர்வரை நடக்க வேண்டியிருந்தது. அந்நாளில் எழுந்த பதிகங்களில் பணிவும் உண்டு, சினமும் உண்டு. அடியாரைத் தவிக்கவிட்டுத் தாம் மட்டும் நலமாய் இருந்துகொள்ளட்டும் என்று எள்ளும் கடுமையும் உண்டு. நன்றிப் பாடல் எழுதுவோர் பலர் இக்கடுமையைக் கண்டு அஞ்சுவர். தோழனிடம் சண்டையிட முடியாதவனின் நன்றி, எசமானுக்குக் கைகட்டும் வேலைக்காரனின் நன்றியாகவே முடியும். சுந்தரரின் நன்றி சண்டையைக் கடந்து வந்தது. அதனால்தான் அதற்கு எடை மிகுதி.

பரவையாரின் ஊடலைத் தீர்க்க இறைவன் ஒரே இரவில் இருமுறை தூது நடந்த நிகழ்ச்சியும் இவ்வகையினதே. நண்பனுக்காக நள்ளிரவில் தெருவில் நடக்கும் தெய்வத்தைத் தமிழன்றி வேறு எம்மொழி பாடிற்று என்று பெருமை பேசுவோர் உளர். அப்பெருமைப் பேச்சுக்கு அவசியமில்லை. புராணத்தின் உள்ளேயே அந்நிகழ்ச்சிக்கு எதிர்ப்பு எழுகிறது என்பதே நோக்கத்தக்கது. ஏயர்கோன் கலிக்காமர் இச்செய்தியைக் கேட்டுக் கொதித்தார். ஆண்டவனை ஏவல்கொண்டவனின் முகத்தில் விழிப்பதில்லை என உறுதிபூண்டார். சூலைநோயைத் தீர்க்கச் சுந்தரர் வருகிறார் என்று அறிந்ததும் தம் வயிற்றைத் தாமே கிழித்துக்கொண்டார். இறைவன் அருளால் உயிர்பெற்ற பின்னரே இருவரும் நண்பராயினர். தெய்வத்தைத் தோழனாகக் கொள்வதிலுள்ள இடர்ப்பாட்டைச் சேக்கிழார் மறைக்காமல் ஒரு பாத்திரமாகவே நிறுத்திக் காட்டியிருக்கிறார். இன்றைய திறனாய்வாளர் எழுப்பக்கூடிய தடையை 12ஆம் நூற்றாண்டிலேயே எழுப்பி, அதற்கு விடையும் கண்ட நூல் அது.

சுந்தரரின் மனிதத் தோழர் சேரமான் பெருமாள். கொடுங்கோளூரில் அரசிருந்தவர், நாள்தோறும் பூசையின் முடிவில் இறைவனின் சிலம்பொலி கேட்பவர். ஒருநாள் ஒலி தாழ்த்து வந்தது. தில்லையில் சுந்தரரின் பாட்டில் தோய்ந்திருந்தமையால் தாமதித்தோம் என்று இறைவன் காரணம் கூற, அப்பாட்டுக்குரியவரைக் காணப் புறப்பட்டார் சேரமான். பிறகு வளர்ந்த நட்பு, சுந்தரருக்குச் சேரமான் தோழர் என்னும் மற்றொரு பெயரையும் ஈட்டித் தந்தது. ஒரே மனிதர் இறைவனின் பெயராலும் நண்பனின் பெயராலும் தோழர் எனப்பட்டார் என்பது சிறிய செய்தியன்று. ஒரு பெயர் மற்றொன்றை விழுங்கவில்லை.

இந்நட்பின் உச்சம் வெள்ளானைச் சருக்கத்தில் வருகிறது. திருவஞ்சைக்களத்திலிருந்து சுந்தரர் வெள்ளை யானைமீது கயிலைக்குப் புறப்படுகிறார். அதையறிந்த சேரமான் குதிரைமீதேறி, அதன் செவியில் ஐந்தெழுத்தை ஓதி, யானையை வலம்வந்து முன்னே செல்கிறார். கயிலை வாயிலில் காட்சி மாறுகிறது. அழைக்கப்பட்டவர் சுந்தரர் ஒருவரே. அவர் உள்ளே செல்கிறார். சேரமான் வாயிலில் தடுக்கப்படுகிறார். வாழ்நாளெல்லாம் பாடிய இறைவனின் திருமுன் நிற்கும் சுந்தரர், வணங்கிய பின் செய்யும் வேண்டுகோள் தமக்காக அன்று. சேரமான் வாயிலில் வந்து நிற்கிறார் என்பதே அவர் அறிவிக்கும் செய்தி. இறைவன் நந்தியை அனுப்பி உள்ளே அழைப்பிக்கிறான். அழையாமல் வந்தது ஏன் என்று புன்முறுவலோடு வினவுகிறான். சேரமான் அஞ்சாமல் விடைசொல்லித் தாம் பாடிய உலாவைக் கேட்டருள வேண்டும் என விண்ணப்பிக்கிறார்.

திருமுன் சேர்ந்தபின் நண்பனை மறந்திருந்தால் சுந்தரரை எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். இறைவன் முன்னிலையில் உலகத் தொடர்புகள் உதிர்ந்துபோதலே உயர்ந்த பக்தி என்று உரை செய்யவும் இடமுண்டு. சேக்கிழார் அவ்வழியை விலக்கினார். தோழனைத் தந்தமைக்கு நன்றி என்று சொல்லிவிட்டு அவனை வாயிலிலேயே நிற்கவிடுவதற்கும், தோழன் வெளியே நிற்கிறான் என்று இறைவனிடம் பெயர்சொல்லி அறிவிப்பதற்கும் உள்ள வேறுபாடு, இப்பொருளின் உயிர்நிலை எனலாம்.

பெயர் சொல்லுதல் சுந்தரருக்குப் புதிதன்று. அவர் பாடியவற்றுள் இன்று ஏழாம் திருமுறையாக வழங்கும் நூறு பதிகங்களில் ஒன்றே ஒன்று அடியார்களைப் பற்றியது. அது திருத்தொண்டத்தொகை. தனியடியார் பெயர்களும் தொகையடியார் பெயர்களுமாக அமைந்த அச்சிறு பதிகத்திலிருந்தே நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதியும் பெரியபுராணமும் விரிந்தன. அப்பதிகத்துக்கு முதலடியை இறைவனே எடுத்துக் கொடுத்தான் என்பது மரபு. தன்னைப் பாட வந்தவனிடம் மனிதர்களைப் பாடு என்று பணித்த தெய்வம் அது. இன்னொன்றும் சொல்லத்தக்கது. சேரமான் பெருமாள் அத்தொகையில் கழறிற்றறிவார் என்னும் பெயரோடு இடம்பெறுகிறார். சேக்கிழாரின் கதைவரிசைப்படி பார்த்தால், தொகை பாடப்பட்ட காலத்தில் இருவரும் இன்னும் சந்திக்கவே இல்லை! பிசிராந்தையாரின் காணா நட்பை இங்கே நினைத்துக்கொள்ளாத வாசகர் இரார்.

இதற்கும் பாரதிக்கும் இடையே நூற்றாண்டுகள் பல உள்ளன. அவற்றில் ஒரே ஒரு நட்பை மட்டும் குறிப்பிட்டு மேலே செல்லலாம். சைவப் பெரும்புலவரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கிறித்தவரான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளைமீது குளத்தூர்க்கோவை பாடினார். வழிபடும் தெய்வம் வேறாயினும் நட்பு ஒரு கோவையாகப் பெயரோடு நிலைபெற்றது. மலாய்க்காரரும் சீனரும் அண்டை வீட்டாராக வாழும் ஒரு நாட்டின் ஆசிரியர்கள் இச்செய்தியை மாணவரிடம் கூறத் தயங்க வேண்டுவதில்லை.

பாரதி 1908இல் புதுச்சேரிக்குச் சென்றார். 'இந்தியா' இதழ் 1910இல் நின்றது. அதன்பின் 1918வரை நீண்ட அஞ்ஞாத வாசத்தில், ஒற்றரின் கண்காணிப்புக்கும் வறுமைக்கும் இடையில் அவரைத் தாங்கியவர்கள் நண்பர்கள். 'கண்ணன் பாட்டு' அக்காலத்துப் பயன். 1917இல் அதை நூலாக்கி வெளியிட்டவர் பரலி சு. நெல்லையப்பர். 1919இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு முன்னுரை எழுதியவர் வ.வே.சு. ஐயர். அந்நூல் பாட்டாக மட்டுமன்றி அச்சுப் பொருளாகவும் நட்பின் கொடையே.

இருபத்து மூன்று பாடல்களைக் கொண்ட அந்நூலின் தொடக்கத்தில் கண்ணன் தோழனாக வருகிறான். அங்குக் காட்டப்படும் தோழமைச் செயல்கள் மிகவும் சாதாரணமானவை என்பதைக் கவனிக்க வேண்டும். சிக்கலுக்கு வழி கேட்டால் உடனே உபாயம் சொல்கிறான், பணம் கேட்டால் கொடுக்கிறான், கேலியைப் பொறுத்துக்கொள்கிறான், சோர்ந்திருந்தால் சிரிக்கவைக்கிறான், செருக்குற்றால் அடிக்கவும் செய்கிறான். விசுவரூபத்துக்கு அங்கே வேலையில்லை. இறைமையின் இலக்கணங்களை எடுத்து மனிதனுக்கு அணிவிப்பது புகழ்ச்சிக் கவிஞரின் வழி. பாரதி எதிர்த்திசையில் சென்றார். நல்ல நண்பர்கள் நாள்தோறும் செய்பவற்றை எடுத்து இறைவனுக்கு அணிவித்தார். நட்பின் செயல்களைத் துன்பத்தில் நேரே கண்டறியாத ஒருவரால் இப்பட்டியலைக் கற்பனையால் மட்டும் தொகுத்திருக்க இயலாது.

'கண்ணன் என் சேவகன்' இதனினும் சிறந்த பாட்டு. பள்ளிகளில் பெரும்பாலும் அதன் பிற்பகுதியே மனப்பாடம் செய்யப்படுகிறது. நண்பனாகவும் அமைச்சனாகவும் ஆசானாகவும் விளங்கும் ஒருவன் சேவகன் வடிவில் வாய்த்தான், அதற்கு எத்தவம் செய்தேனோ என்று உருகும் அப்பகுதி இனிமையானதே. ஆயினும் முற்பகுதியை விட்டுவிட்டால் பிற்பகுதி வெறும் துதியாகச் சுருங்கிவிடும். வேலையாட்கள் கூறும் பொய்ச்சாக்குகள், வராத நாள்கள், மிகுதியாய்க் கேட்கும் கூலி, வீட்டுச் சேதியை வெளியில் பரப்புதல் எனத் தலைவனின் அன்றாடத் துயரம் அங்கே நகைச்சுவையோடு விரிகிறது. அத்துயரத்தின் நடுவில்தான் எங்கிருந்தோ ஒருவன் வந்து, கூலி பெரிதில்லை என்று வேலைக்கு நிற்கிறான். நன்றியுணர்வின் அளவு துன்பத்தின் விவரத்தைப் பொறுத்தது என்னும் கவிதை நுட்பத்தை இப்பாட்டு ஐயமறக் கற்பிக்கிறது. துன்பம் இன்னது என்று சொல்லாதவன், அது நீங்கியதற்குக் கூறும் நன்றியில் சுவை பிறப்பதில்லை.

இதே பாரதி, 'பாரதி அறுபத்தாறு' என்னும் நூலில் முகமூடி எதுவுமின்றி நண்பர்களைப் பெயர்சொல்லிப் பாடினார். தமக்கு நெறிகாட்டிய குள்ளச்சாமி, கோவிந்தசாமி, யாழ்ப்பாணத்துச் சாமி ஆகியோரோடு குவளைக் கண்ணனுக்கும் அங்கே தனிப்புகழ் உண்டு. சாமியைத் தம்மிடம் அழைத்துவந்தவன் என்பதே அவர்க்குரிய சிறப்பு. ஞானத்தைத் தந்தவர் குரு. குருவைத் தந்தவன் நண்பன். இருவருக்கும் தனித்தனியே நன்றி செலுத்தப்படுகிறது. பெயர் ஒற்றுமையைக் கொண்டு 'கண்ணன் பாட்டின்' கண்ணன் இவரே எனத் துணிவது திறனாய்வுக்கு ஒவ்வாது. அவ்வாறு அடையாளம் காட்டவேண்டிய தேவையும் இல்லை. தெய்வத்தைத் தோழனாகப் பாடியதோடு கடமை முடிந்தது என்று பாரதி கருதவில்லை என்பதே போதுமானது. 1921இல் திருவல்லிக்கேணியில் கோயில் யானையால் தள்ளுண்டு வீழ்ந்த பாரதியைப் பாய்ந்து சென்று மீட்டவர் குவளைக் கண்ணன் என்பர் வாழ்க்கை வரலாறு எழுதியோர். அவ்வாண்டு செப்டம்பரில் பாரதியின் இறுதி இரவில் உடனிருந்தோருள் நெல்லையப்பரும் ஒருவர். பாட்டில் பெயர்பெற்ற நட்பும் நூலை அச்சேற்றிய நட்பும் கடைசிவரை நின்றன.

இவற்றை மனத்திற்கொண்டு மலேசியத் தமிழெழுத்தை நோக்கும்போது ஒரு மனக்குறை எழுகிறது. கோயில் மலர்களிலும், பண்டிகைச் சிறப்பிதழ்களிலும், மாணவர் கட்டுரைகளிலும் 'இறைவன் தந்த நண்பன்' என்னும் தொடர் அடிக்கடி காணக் கிடைக்கிறது. நண்பன் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, என்ன இடர், அவன் செய்தது என்ன என்பவை பெரும்பாலும் இல்லை. இறைவனுக்கு நன்றி கூறப்படுகிறது; தோழன் வாயிலிலேயே நிற்கிறான். எழுதுவோரின் பக்தியில் குறை காண்பதற்கில்லை. பக்தியின் சொற்களே விவரத்தைச் சொல்லும் உழைப்பிலிருந்து விடுதலை அளித்துவிடுகின்றன என்பதே குறை. ஆயத்தமாகக் கிடைக்கும் தொடர் எழுத்தாளனுக்கு என்றும் பகை.

இக்குறையால் நேர்ந்த இழப்பு எளிதன்று. 1942 ஜனவரி 31ஆம் நாள் எஞ்சிய பிரிட்டிஷ் படையினர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் பின்வாங்க, ஜொகூர் முழுவதும் ஜப்பானியர் கைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. வாந்திபேதியிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மாண்டவர் போக மீண்டு வந்தவர்கள் ஒவ்வொருவரும் யாரோ ஒருவரின் துணையால் மீண்டிருக்க வேண்டும். காட்டு முகாமில் நடக்கமுடியாதவனுக்கு நடப்பவனே மருந்து, உணவு, உறவு. மீண்டவர் கோயிலுக்குச் சென்று நேர்த்திக்கடன் செலுத்தினர்; அது தகும். நண்பனுக்குரிய கடனை எங்கே செலுத்துவது? காஞ்சனபுரியிலுள்ள போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 நேசநாட்டுப் போர்க்கைதிகள் வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகளின்கீழ் உறங்குகின்றனர். அதே பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை.

இவ்வெற்றிடத்தில் எழுந்தவை சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள். கலைத்தரம் பற்றி வேறுபட்ட கருத்துகள் இருக்கலாம். ரெங்கசாமி தம் நாவலுக்கு இட்ட பெயரிலேயே எழுத்து எதற்கு ஈடாக நிற்க முயல்கிறது என்பது விளங்குகிறது. கல்லில் பொறிக்கப்படாதவர்களுக்குத் தாளில் ஓர் இடம். இந்நாவல்களை வகுப்பில் நடத்தும் ஆசிரியர் சப்பானியரின் கொடுமையைப் பற்றி மட்டும் வினாத் தொடுத்து நிறுத்திவிடுவதுண்டு. யார் யாரைத் தாங்கினார், தாங்கப்பட்டவர் அதை எச்சொற்களால் நினைத்தார், தெய்வத்தின் பெயரை எப்போது அழைத்தார், மனிதனின் பெயரை எப்போது அழைத்தார் என்று கேட்பின் அந்நூல்கள் வேறொரு முகம் காட்டும்.

ஜொகூரிலேயே இம்மரபுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தங்காக்கில் வாழ்ந்த இலக்கியக் குரிசில் மா. இராமையா, 1953இல் 'இரத்த தானம்' என்னும் சிறுகதைத் தொகுதியைத் தனியே வெளியிடவில்லை. மா.செ. மாயதேவனோடு சேர்ந்து, இருவர் பெயரும் ஒருங்கே விளங்க வெளியிட்டார். தனி நூல் போடுவதே அரிதாயிருந்த காலத்தில் அட்டையைப் பகிர்ந்துகொள்வது இரு எழுத்தாளர் ஒருவருக்கொருவர் துணைநின்றதற்குச் சான்று. அதே இராமையா பின்னர் 1978இல் 'மலேசியத் தமிழ் இலக்கிய வரலாறு' எழுதினார். தம்மோடும் தமக்கு முன்னும் இந்நாட்டில் எழுதியவர்களின் பெயர்களையும் நூல்களையும் தேடித் திரட்டிய உழைப்பு அது. வரலாற்று நூல் என்ற முறையில் அதன் தரவுகளைப் பிற்கால ஆய்வாளர் திருத்தியும் விரித்தும் வரலாம். 1997இல் முரசு நெடுமாறன் தொகுத்த 'மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்' கவிஞர்கள் திறத்தில் அப்பணியைத் தொடர்ந்தது. நண்பர்களின் பெயர்களை வரிசைப்படுத்தும் செயலை உலர்ந்த வேலை என்று கருதுவோர், திருத்தொண்டத்தொகையும் ஒரு பெயர்வரிசையே என்பதை மறந்துவிடுகின்றனர்.

தோட்டத்துத் தலைமுறை மறைந்து வருகிறது. லயங்கள் பல இடிக்கப்பட்டுச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் அவ்விடங்களைக் கொண்டுவிட்டன. தோட்டத்துக் கோயில்கள் சில இடம் மாறின, சில மறைந்தன. தாத்தா பாட்டியரிடம் இன்னும் கேட்டறியத்தக்க பெயர்கள் உள்ள வீடுகள் சிலவே எஞ்சியுள்ளன. 'உற்ற நண்பன்' என்னும் தலைப்பைக் கரும்பலகையில் எழுதும் ஆசிரியர், குறளையும் பாரதியையும் மேற்கோள் காட்டச் சொல்லுமுன், வீட்டில் முதியவர் ஒருவரைக் கண்டு, உங்கள் கடின நாளில் வந்து நின்றவர் யார், அவர் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்டு வருமாறு மாணவரை அனுப்பலாம். மறுநாள் காலை வகுப்புக்கு வரும் ஏடுகளில் முதல்வரியில் ஒரு பெயர் இருக்கும்.